பிரகாரத்துக் கறுப்புக் கல்லின் மெருகை எடுத்துவிடுங்கள்

பெங்களூரில் எங்கள் பேட்டைக் கோயில் திருப்பணிக் குழுவின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வெளிப் பிரகாரத்துப் பழைய கல்லைப் பெயர்த்துவிட்டு கறுப்பு கிரானைட் பதித்தது ஏன், யார் கொடுத்த பணம், கூட்டத்தில் யார் யார் வேண்டாம் என்றார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைக் கிளற இந்த மடலை எழுதவில்லை. போன பிரதோஷத்தன்று என் மாமியார் அந்தக் கல்லில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. அலுவலக அறைக்கு வந்து சொன்னபோது எங்களுக்குக் கிடைத்த பதில், "வயசானவங்க பார்த்து நடக்கணும்மா." அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அவர் பார்த்துத்தான் நடந்தார். அடிப்பிரதட்சணம் செய்துகொண்டிருந்தார். விரல் நுனியைக் குதிகால் தொடும்படி அடிமேல் அடி வைத்து நடப்பவருக்கு அவசரம் எங்கிருந்து வரும்? கோமுகி வழியே வந்த அபிஷேக நீர் வடக்குப் பக்கம் பரவிக் கிடந்தது. பாலும் எண்ணெயும் சந்தனமும் கலந்த தண்ணீர். பழைய கல்லில் உளி கொத்திய சொரசொரப்பு இருந்தது, இடுக்குகளில் நீர் இறங்கிவிடும். மெருகேற்றிய கல்லில் அது படலமாக அப்படியே நிற்கிறது. கறுப்பில் ஈரம் கண்ணுக்கும் தெரிவதில்லை. விழுந்தவரைத் தூக்கும்போது புடவை நனைந்திருந்ததைப் பார்த்துத்தான் அங்கே தண்ணீர் இருந்ததே எங்களுக்குத் தெரிந்தது. கட்டுப் போட்ட கையால் அவரால் கொண்டை போட்டுக்கொள்ள முடியவில்லை. காலையில் தலையை என்னிடம் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். வலியைவிட, நேர்ந்துகொண்ட சுற்று பாதியில் நின்றதுதான் அவருக்குப் பெரிதாக இருக்கிறது.

ஆகவே கேட்கிறேன்: வெளிப் பிரகாரத்துக் கல்லின் மெருகை எடுத்துவிடுங்கள்.

கல்லின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஜிகணியில் ஒரு கிரானைட் பட்டறையில் பல வருஷம் கணக்கு எழுதியவள் நான். இங்கே பதித்திருக்கும் பிளாக் கேலக்ஸி எவ்வளவு அருமையான கல் என்று தெரியும். ஆந்திராவின் பிரகாசம் மாவட்டத்தில், ஓங்கோலுக்குப் பக்கத்தில் இருக்கும் சீமகுர்த்தியைச் சுற்றி வெட்டியெடுக்கிறார்கள். பூமிக்கடியில் பாறைக் குழம்பு மெதுவாக ஆறி இறுகியது. வியாபாரத்தில் கிரானைட் என்கிறோம், புவியியல்படி அது கேப்ரோ என்ற கருநிறப் பாறை வகை. பொன் துகள் போல மின்னுவது பிரான்சைட் என்ற கனிமம். ஆழமான குழிகளில் வைரம் பதித்த கம்பி ரம்பத்தால் அறுத்து, அங்கிருந்து உலகமெங்கும் அனுப்புகிறார்கள். அந்த மினுமினுப்பு எடுப்பாகத் தெரிய வேண்டுமானால் முகம் பார்க்கும் அளவுக்கு மெருகேற்ற வேண்டும். சமையல் மேடைக்கு அது சரி. வெறுங்காலோடு நடக்கிற, தண்ணீர் ஓடுகிற, வெயில் நேராக விழுகிற இடத்துக்கு எப்படிச் சரியாகும்? கடை வெளிச்சத்தில் மாதிரிக் கல்லைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள், ஒரு மத்தியானம் செருப்பில்லாமல் அதன் மேல் நின்று பார்த்திருக்க வேண்டும். சித்திரை மாதம் உச்சிக்கால பூஜைக்கு வருகிறவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சுவரோர நிழலைத் தேடி ஓடியதை நீங்களும் பார்த்தீர்கள்.

திருப்பணி என்றாலே பளபளப்பு என்று எங்கும் ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் மணல் வீச்சால் சுத்தம் செய்கிறோம் என்று கோயில் கல்வெட்டுகளின் எழுத்தையே மழுங்கடித்தார்கள். இங்கே தொம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலில் பழைய தமிழ்க் கல்வெட்டுகள் இன்னும் இருக்கின்றன என்றால், அந்த எழுத்தை யாரும் தேய்த்து அழிக்கவில்லை என்பதால்தான். நம் பிரகாரத்தில் இருந்ததும் இந்த ஊர்ப் பாறைதான். லால்பாகில் 300 கோடி ஆண்டுகளாகக் கிடக்கும் பாறை, சட்டசபைக் கட்டடமான விதான சௌதாவுக்குச் சுற்றுவட்டாரத்தில் வெட்டிய கிரானைட் எல்லாம் இந்த மண்ணின் கல். நம்முடையதை மடைப்பள்ளிக்குப் பின்னால் குப்பை மாதிரி அடுக்கி வைத்திருக்கிறீர்கள். நன்கொடையாளர் பெயர்களை வாசல் சுவர் முழுக்கப் பொறிக்கப் பணம் இருந்தது. படிக்கட்டில் ஒரு கைப்பிடிக் கம்பிக்கு இல்லையா? சரி, அதை இன்னொரு நாள் பேசுவோம்.

பதித்த கல்லைப் பெயர்க்கக்கூட வேண்டாம். அம்மி கொத்துவது போல மேல்பரப்பைக் கொத்திவிட்டால் போதும். பதித்த இடத்திலேயே கொத்துகிற மெஷின்கள் உண்டு. மினுக்கு போய்விடும், கறுப்பு சாம்பல் நிறமாக வெளுக்கும், கால் நிற்கும். சூடு முழுசாகத் தீராது. அதற்கு, சுற்றி வரும் வழியில் ஒரு வரிசையாவது பழைய கல்லைத் திரும்பப் பதிக்கலாம். கோமுகிக்குக் கீழே நீர் வடிய ஒரு வாய்க்கால் வேண்டும். கொத்தும்போது தூசி பறக்கும், தண்ணீர் விட்டுக்கொண்டே செய்யச் சொல்லுங்கள், வேலை செய்கிறவர்களுக்கு நல்ல முகக்கவசம் கொடுங்கள். அதுவரை பிரதோஷத்தன்று வடக்குப் பக்கம் தென்னை நார் விரிப்பு போடுங்கள்.

தயவுசெய்து அடுத்த மாதக் கூட்டத்தில் மெருகை எடுக்கும் முடிவை எடுங்கள். எடுத்த முடிவைத் தமிழிலும் கன்னடத்திலும் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கொத்துகிற செலவில் எங்கள் வீட்டுப் பங்கைத் தருகிறோம். எங்கள் பெயரைப் பொறிக்க வேண்டாம்.