தல்லாகுளத்து அக்காவுக்கும் தேடி அலைந்த எல்லோருக்கும்

அப்பா நலமாக இருக்கிறார். இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு அசந்து தூங்குகிறார். எதிர்சேவை ராத்திரி, மதுரைக்கு வரும் கள்ளழகரை எதிர்கொண்டு வரவேற்கும் கூட்டத்தில் அப்பா தொலைந்துபோனது உங்களில் பாதிப் பேருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், தேடியதே நீங்கள்தானே. அதைத் திரும்பச் சொல்ல எனக்கும் இன்னும் தெம்பு வரவில்லை.

இப்போதெல்லாம் அப்பாவுக்கு எங்கள் பெயரே சில நேரம் பிடிபடுவதில்லை. ஆனால் தேனூரில் நடந்துவந்த, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவைத் திருமலை நாயக்கர் மதுரைக்கு மாற்றிய கதையை எடுத்தால் ஒரு வரி விடமாட்டார். அப்படிப்பட்டவர் அழகரைப் பார்க்காமல் நகர்வாரா? ‘சரிப்பா, பார்த்துட்டே போவோம்’ என்று சொல்லி, சாயங்காலத்திலிருந்து தன் குடும்பம் பிடித்து வைத்திருந்த இடத்தில் ஜமுக்காளத்தில் உட்கார வைத்து, நீர்மோர் வாங்கிக் கொடுத்திருக்கிறார் தல்லாகுளத்து அக்கா. இதோடு விட்டிருந்தாலே காலமெல்லாம் கும்பிட்டிருப்போம்.

மற்றதை அந்த அக்காவின் மகள் சொன்னார். கொட்டுச் சத்தம் நெருங்கியதும் அப்பா பக்கத்தில் தடவித் தடவி, ‘என் சொம்பு எங்க?’ என்று கேட்டாராம். மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: சொம்பு நிறையச் சர்க்கரை, வாயைக் கட்டிய வாழை இலை, அதன்மேல் எரியும் சூடம். அம்மா இருந்தவரை இலை கிழியாமல் கட்டிக் கொடுத்தது அவர்தான். அந்த அக்காவிடம் இருந்தது ஒரே சொம்பு; மகனுக்கு உடம்பு தேறியதற்கான நேர்த்திக்கடன். அதை அப்பா கையில் கொடுத்து, சூடத்தை ஏற்றி, கை நடுங்கியபோது அடியில் தன் கையையும் வைத்துத் தாங்கிக்கொண்டிருக்கிறார்.

அப்போது அப்பா போட்ட ‘கோவிந்தா’ சத்தத்தில்தான், கருப்பசாமி வேஷத்தில், தண்ணீர் பீய்ச்சும் தோல்பையான தோப்பறையோடு நின்ற தம்பி திரும்பிப் பார்த்திருக்கிறார். அப்பாவைக் காணோம் என்று வாட்ஸ்அப்பில் வந்த படம் ஞாபகத்துக்கு வர, எங்களுக்குப் போன் போட்டார். (அந்த வேஷத்திலும் இடுப்பில் போன் செருகி வைத்திருந்த புண்ணியவான்!)

அழகர் வழியில் தங்கிப்போகும் 400-க்கும் மேற்பட்ட மண்டகப்படிகளில் எதில் போய்த் தேடுவது என்று நாங்கள் கையைப் பிசைந்தபோது, புதூர்ப் பக்கம் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிய தம்பிகள், மூன்றுமாவடிவரை டூவீலரில் போய் வந்த நண்பர்கள், தொண்டை வறள மைக்கில் அறிவித்த போலீஸ்காரர், காசு வாங்க மறுத்த ஆட்டோ அண்ணன், எல்லோருக்கும் எங்கள் நன்றி. இனி அப்பா சட்டைப்பையில் என் நம்பர் எழுதிய சீட்டு இல்லாமல் வாசல்படி தாண்ட மாட்டார்.

அக்கா, உங்கள் சொம்பு எங்கள் வீட்டில் இருக்கிறது. வீடு வரும்வரை அப்பா அதைக் கீழே வைக்கவில்லை. நீங்களும் ‘இருக்கட்டும்’ என்று விட்டுவிட்டீர்கள். சர்க்கரையைத் தெருவுக்கே கொடுத்தோம். வருஷாவருஷம் பெருமாள் கோயில் பக்கம்தான் நிற்பீர்களாமே. அடுத்த சித்திரையில் அங்கே இரண்டு சொம்போடு வருகிறோம். உங்கள் சொம்பை நிறைத்துக் கொண்டுவருவது எங்கள் பொறுப்பு. இலை கட்ட நான் இப்போதே பழக ஆரம்பித்துவிட்டேன். இரண்டு இலை கிழிந்தாயிற்று.