ஐஆர் சென்சார் போர்டு செய்பவர்களுக்கு: வெயிலில் ஏன் தானாக எண்ணுகிறது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

கன்வேயரில் பெட்டி எண்ண, பாட்டில் வந்ததும் மோட்டாரை நிறுத்த என்று ஐஆர் (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி) எல்இடியும் அந்த ஒளியை உணரும் ஃபோட்டோடையோடும் பலர் வாங்கிப் போகிறீர்கள். மேஜையில் ஒழுங்காக ஓடிய போர்டு, இடத்தில் மாட்டியதும் ஆளில்லாமல் எண்ணுகிறது என்பதுதான் அடிக்கடி வரும் புகார். பெரும்பாலும் பாகத்தில் கோளாறு இருப்பதில்லை. நிழலுக்கான சர்க்யூட்டை வெயிலில் வைத்திருப்பார்கள்.

நிழலான அறை, 10 செ.மீ.க்குள் பொருள் என்றால் எளிய சர்க்யூட்டே போதும். சப்ளை 5 வோல்ட். ஐஆர் எல்இடிக்கு 220 ஓம் தொடரில் போட்டால் சுமார் 17 மில்லி ஆம்பியர் ஓடும். ஃபோட்டோடையோடின் குட்டைக் கால் பிளஸ்ஸுக்கு, நீளக் கால் 10 கிலோ ஓம் வழியாகக் கிரவுண்டுக்கு. எல்இடி மாதிரி நேராக மாட்டினால் அது எப்போதும் கடத்தும், அவுட்புட் அசையவே அசையாது. நீளக் காலிலிருந்து இன்னொரு 10 கிலோ ஓம் வழியாக எல்எம்393 என்ற, இரண்டு வோல்டேஜை ஒப்பிடும் ஐசியின் 3ஆம் பின்னுக்கு வாருங்கள். 10 கிலோ ஓம் பிரீசெட்டின் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) நடுக்கால் 2ஆம் பின்னுக்கு. 1ஆம் பின்னிலிருந்து பிளஸ்ஸுக்கு 10 கிலோ ஓம் கட்டாயம். இந்த ஐசி தானாக மேலே இழுக்காது, கீழே மட்டும்தான் இழுக்கும். 8ஆம் பின் பிளஸ், 4 கிரவுண்டு, இரண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்.

பலர் விட்டுவிடும் ஒரு ரெசிஸ்டர் உண்டு: 1ஆம் பின்னுக்கும் 3ஆம் பின்னுக்கும் நடுவே 470 கிலோ ஓம். ஆன் ஆகும் அளவுக்கும் ஆஃப் ஆகும் அளவுக்கும் சுமார் 0.2 வோல்ட் இடைவெளியை இதுதான் தருகிறது. இது இல்லாவிட்டால் பெட்டியின் விளிம்பு கடக்கும் நேரத்தில் அவுட்புட் படபடத்து, ஒரு பெட்டியை மூன்றாக எண்ணும்.

பிரீசெட்டைக் கண்ணை மூடிக்கொண்டு திருகாதீர்கள். பொருள் இல்லாதபோதும் இருக்கும்போதும் 3ஆம் பின்னின் வோல்டேஜை மீட்டரில் பாருங்கள். 0.4, 1.8 என்று வந்தால் 2ஆம் பின்னை 1.1-இல் வையுங்கள். எப்படியும் 3 வோல்ட்டைத் தாண்ட வேண்டாம். 5 வோல்ட் சப்ளையில் அதற்கு மேல் இந்த ஐசியை நம்ப முடியாது. பொருள் இல்லாமலே வோல்டேஜ் ஏறி நின்றால், எல்இடியின் பக்கவாட்டு ஒளி நேராக ஃபோட்டோடையோடில் விழுகிறது என்று பொருள். இரண்டுக்கும் தனித்தனியே கறுப்பு ஸ்லீவ் மாட்டுங்கள். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் சில பிளாஸ்டிக்குகள் ஐஆரைத் தாராளமாக விடும், ஆகவே மாட்டிய பின்னும் ஒரு தடவை அளந்துவிடுங்கள்.

இனி வெயில். சூரிய ஒளியிலும் குண்டு பல்பிலும் ஐஆர் நிறைய இருக்கிறது. நேர் வெயில் பட்டால் அந்த 10 கிலோ ஓமின் மேல்முனை கிட்டத்தட்ட 5 வோல்ட்டுக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். பிரீசெட்டை எங்கே வைத்தும் பயனில்லை. இங்கே தேவை விட்டுவிட்டு எரியும் ஒளியும், அந்தத் துடிப்பை மட்டும் கேட்கும் டிஎஸ்ஓபி1738 ரிசீவரும்.

இந்த ரிசீவர் கேட்பது நொடிக்கு 38,000 துடிப்பு, அதாவது 38 கிலோ ஹெர்ட்ஸ். அதை 555 டைமர் ஐசியில் எடுக்க: 7, 8ஆம் பின்களுக்கு நடுவே 1 கிலோ ஓம், 6, 7க்கு நடுவே 15 கிலோ ஓமும் 5 கிலோ ஓம் பிரீசெட்டும் தொடரில், 2ஆம், 6ஆம் பின்களைச் சேர்த்து அங்கிருந்து கிரவுண்டுக்கு 1 நானோஃபாரட். இந்தக் கெப்பாசிட்டர் பாலியெஸ்டராக இருக்கட்டும். மலிவான செராமிக் டிஸ்க் சூட்டில் மதிப்பு மாறி அலைவரிசையை நகர்த்திவிடும். எல்இடியை 555-இன் 3ஆம் பின்னிலிருந்து 470 ஓம், பிசி547 டிரான்சிஸ்டர், 47 ஓம் வழியாக ஓட்டுங்கள்.

இதோடு நிறுத்தினால் போர்டு சற்று நேரம் ஓடி, பிறகு செவிடாகிவிடும். டிவி ரிமோட்டுக்காகச் செய்த ரிசீவர் அது. ஓயாமல் வரும் 38 கிலோ ஹெர்ட்ஸை இரைச்சல் என்று எண்ணித் தன் உணர்திறனைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே இரண்டாவது 555 ஒன்றை 1 கிலோ ஓம், 100 கிலோ ஓம், 10 நானோஃபாரட் வைத்து நொடிக்குச் சுமார் 700 முறை ஓடவிட்டு, அதன் 3ஆம் பின்னை முதல் 555-இன் 4ஆம் பின்னில் கொடுங்கள். அப்போது 38 கிலோ ஹெர்ட்ஸ் ஓயாமல் வராமல் விட்டுவிட்டு வரும். இந்த வேலையெல்லாம் வேண்டாம் என்பவர்கள் டிஎஸ்எஸ்பி4038 ரிசீவரைக் கேளுங்கள். அது ஓயாமல் வரும் 38 கிலோ ஹெர்ட்ஸ் ஒளிக்கென்றே செய்தது.

ரிசீவரின் கால் வரிசையைத் தயவுசெய்து பாருங்கள். டிஎஸ்ஓபி1738-இல் கிரவுண்டு, சப்ளை, அவுட்புட். அதே மாதிரியான இன்னொரு ரிசீவர் விஎஸ்1838-இல் அவுட்புட், கிரவுண்டு, சப்ளை. ஒன்றுக்குப் பதில் மற்றதை அப்படியே சொருகினால் சப்ளை தலைகீழாகிவிடும். எந்த ரிசீவரானாலும் அதன் சப்ளை காலில் 100 ஓமும் 4.7 மைக்ரோஃபாரடும் போடாவிட்டால் 555-இன் இரைச்சலே அதற்குச் சிக்னலாகத் தெரியும்.

பாட்டில் எண்ணுபவர்களுக்கு ஒரு வார்த்தை: தெளிந்த பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலை ஐஆர் ஊடுருவிப் போய்விடும். எல்இடியை ஒரு பக்கமும் ரிசீவரை எதிர்ப்பக்கமும் வைத்து, ஒளிக்கோடு மூடியையோ லேபிளையோ கடக்கும் உயரத்தில் பொருத்துங்கள். ரிலே போட்டால் அதன் காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டையோடையும் மறக்க வேண்டாம்.

பாகம் வாங்க வரும்போது பொருள் எது, எவ்வளவு தூரம், வெயில் படுமா, நிமிடத்துக்கு எத்தனை கடக்கும் என்று எழுதி வாருங்கள். எந்த சர்க்யூட் என்று அங்கேயே சொல்லிவிடலாம்.