இத்தாலி உணவுத் திருவிழாவுக்கு மாதம் பார்த்துப் போக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இத்தாலியின் சிற்றூர்களில் நடக்கும் உணவுத் திருவிழாக்கள் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நாவில் நீர் ஊற வைத்தது. ஆனால் எந்த மாதம் போவது, அங்கே போய் எந்த வரிசையில் நிற்பது என்பதற்கு அதில் ஒரு வரி கூட இல்லை. மிலானிலும் டூரினிலும் படிக்கிற, வேலை பார்க்கிற பிள்ளைகளைப் பார்க்க பாளையங்கோட்டை, வள்ளியூர்ப் பக்கத்துப் பெற்றோர் இப்போது போய்வருகிறார்கள். அவர்களுக்காக இந்தக் கடிதம்.

‘சாக்ரா’ எனப்படும் இந்த விழாவின் அடிப்படை, ஊருக்கு ஒரு விளைபொருள். சமைப்பதும் பரிமாறுவதும் பெரும்பாலும் ‘ப்ரோ லோகோ’ என்கிற ஊர்ச் சங்கத்தின் தொண்டர்கள். நம்மூர்க் கோயில் கொடைக்கு இளவட்டங்கள் வேலைக்கு இறங்குவது போலத்தான்: பாட்டிமார் மாவு பிசைவார்கள், பள்ளிப் பிள்ளைகள் தட்டு தூக்குவார்கள். மிஞ்சுகிற பணம் ஊர்க் காரியங்களுக்குப் போகும்.

ஆகவே தேதியை அந்த விளைபொருள்தான் முடிவு செய்ய வேண்டும். ரோமுக்குத் தென்கிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில், எரிமலைவாய் ஏரிக்கு மேலே இருக்கும் நேமியில் ஸ்ட்ராபெரி விழா ஜூன் முதல் ஞாயிறு. ஜெனோவாவுக்குப் பக்கத்துக் காமோலியில் மே இரண்டாம் ஞாயிறன்று, சுமார் 4 மீட்டர் அகல வாணலியில் மீன் பொரித்துத் தருவார்கள். 1952-இல் தொடங்கிய இவ்விழா மீனவர்களின் காவலரான புனித ஃபோர்த்துனாத்தோ திருநாளை ஒட்டி வருவது. உவரி, மணப்பாடு ஆட்களுக்கு அங்கே எதுவும் அந்நியமாகப் படாது. ஜெனோவா இருக்கும் லிகூரியா மாநிலத்துக் கடற்கரை ஊரான மொந்தெரோஸ்ஸோவில் மே மாதம் எலுமிச்சை. எலுமிச்சைக்குப் பேர் போன நம் புளியங்குடிக்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டும். நாம் சாற்றுக்காக மெல்லிய தோல் பழத்தைத் தேடுகிறோம். அவர்களோ தோலைத்தான் பெரிதாக நினைக்கிறார்கள், மதுவுக்கும் மிட்டாய்க்கும் அதன் வாசனைதான் வேண்டும். அசிசிக்கு அருகே கன்னாராவில் செப்டம்பர்த் தொடக்கத்தில் வெங்காயம். ரோமுக்குப் பக்கத்து மரீனோவில் அக்டோபர் முதல் ஞாயிறு திராட்சை. 1925-இல் தொடங்கிய இந்த விழாவில் ஊர் நீரூற்றில் ஒயின் கொட்டும். ஃபிளாரன்ஸுக்கு வடகிழக்கே மலைக்குள் இருக்கும் மர்ராதியில் அக்டோபர் ஞாயிறுகளில் செஸ்ட்நட் என்கிற மரக்கொட்டை.

மாதம் பொருந்தாத விளம்பரத்தை நம்பக் கூடாது. மண்ணுக்கடியில் விளையும் வாசனைக் காளான் வகையான வெள்ளை ட்ரஃபிள் இலையுதிர்காலப் பொருள். ஆல்பா ஊரின் ட்ரஃபிள் சந்தை அக்டோபரில் தொடங்குவது அதனால்தான். ஜூலையில் கிடைப்பது கோடைக் கறுப்பு ட்ரஃபிள். வாசனை குறைவு, விலையும் குறைவு. அதன் மேல் தூக்கலாக மணம் அடித்தால், செயற்கை வாசனை சேர்த்த எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். கடலே இல்லாத மலையூரில் கணவாய் விழா என்று சுவரொட்டி ஒட்டியிருந்தால் அது உறைபெட்டிச் சரக்கு. இத்தாலியர்களே இதைப் பற்றி முணுமுணுக்கிறார்கள். பொருள் வாங்கும்போது பொட்டலத்தில் ஐரோப்பிய முத்திரையைப் பாருங்கள்: சிவப்பும் மஞ்சளும் ‘டி.ஓ.பி.’ (முழுக்க அந்த வட்டாரத்திலேயே தயாரானது), நீலமும் மஞ்சளும் ‘ஐ.ஜி.பி.’ (நம் புவிசார் குறியீடு போன்றது). மர்ராதி செஸ்ட்நட்டுக்கு, முஜெல்லோ என்ற வட்டாரப் பெயரில், 1996-இலேயே ஐ.ஜி.பி. கிடைத்துவிட்டது.

புதிதாகப் போகிறவர்கள் திணறுவது பணம் கட்டும் இடத்தில்தான். பெரும்பாலான சாக்ராக்களில் மேசைக்கு வந்து ஆர்டர் எடுப்பதில்லை. பண்டங்களின் பட்டியல் அச்சடித்த தாள் வாசலிலேயே கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே விலையும் ஒரு வெற்றுக் கட்டமும் இருக்கும். கட்டத்தில் எத்தனை தட்டு என்று எழுதி, ‘காஸ்ஸா’ என்று பலகை தொங்கும் மேசையில் கொடுத்துப் பணம் கட்டினால் ரசீது தருவார்கள். ரசீதைச் சமையல் பக்கம் நீட்ட வேண்டும். குடிப்பதற்குப் பல இடங்களில் வேறு கவுண்டர், வேறு துண்டுச்சீட்டு. சில ஊர்களில் மேசை எண்ணையும் தாளில் எழுதச் சொல்வார்கள். அங்கே முதலில் இடம் பிடித்துவிட்டுத்தான் வரிசைக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் வரிசை முனைக்கு வந்த பிறகு மேசை தேடி ஓட நேரும். பேனா கையோடு இருக்கட்டும். 10, 20 யூரோ நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். கார்டு கருவி இருந்தாலும் மலையூரில் சிக்னல் படுத்தும்.

சமையல் பொதுவாக இரவு 7 மணிக்குத் தொடங்கும், ஞாயிறுகளில் மதியமும் உண்டு. தொடங்கும்போதே போய்விடுவது நல்லது. எட்டரைக்கு மேல் போனால் வரிசையும் நீளம், உட்கார இடமும் இருக்காது, எந்தப் பண்டத்துக்காகப் போனோமோ அது தீர்ந்தும் போயிருக்கும். பாஸ்தா கேட்டால் காத்திருக்கத்தான் வேண்டும். 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 10 கிராம் உப்பு என்பது அவர்கள் கணக்கு. அண்டாவில் கிலோக்கணக்கில் கொட்டியதும் கொதி அடங்கிவிடும்; மறுபடி கொதி வரும்வரை அது மெதுவாகத்தான் வேகும். அவசரப்படுத்தினால் வெளியே குழைந்து உள்ளே மாவாக வரும். குழந்தைகள் பசித்திருந்தால் பொரித்தது எதையாவது முதலில் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

சைவக்காரர்கள் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். ‘சென்சா கார்னே’ (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் கேட்டால் போதாது. பன்றித் தொடை இறைச்சியையும் மீனையும் அந்தச் சொல்லில் சேர்க்காதவர்கள் உண்டு. ‘ப்ரொஷுத்தோ’ (பன்றித் தொடை), ‘பான்செட்டா’ (பன்றி வயிற்று இறைச்சி), ‘பெஷே’ (மீன்) என்று தனித்தனியாகக் கேளுங்கள். வெங்காய சூப்பின் அடித்தண்ணீர் இறைச்சிச் சாறாக இருக்கலாம். எமிலியா-ரொமாஞா மாநிலத்து ரொட்டி மாவிலும் பொரியலிலும் ‘ஸ்ட்ருத்தோ’ என்கிற பன்றிக் கொழுப்பு சேர்வது அங்கே வழக்கம். பார்மிஜானோ சீஸில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறை சேர்கிறது. சுட்ட செஸ்ட்நட்டில் இந்தக் கவலை இல்லை. லிகூரியாப் பக்கம் என்றால் ‘ஃபாரினாத்தா’ கேட்கலாம்: கடலை மாவு ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, உப்பு, ஆலிவ் எண்ணெய், விறகடுப்பு, அவ்வளவுதான்.

பயணத்தில் முதலில் பார்க்க வேண்டியது திரும்புகிற ரயில். ஞாயிறுகளில் கிராமத்துப் பேருந்து குறைவு. உள்ளூர் ரயிலின் காகிதச் சீட்டை ஏறுவதற்கு முன் நிலையத்தில் உள்ள சிறிய இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம். விழாத் தேதியை அந்த வருடத்துச் சுவரொட்டியில் சரிபாருங்கள், இணையத்தில் பழைய தேதிகள் அப்படியே கிடக்கும். மழை பெய்தால் தள்ளிவைப்பார்கள். விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ; மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. இங்கிருந்து பால்கோவாவோ கறிவேப்பிலையோ கொண்டுபோக வேண்டாம். வெளிநாட்டுப் பால், இறைச்சிப் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியம் பயணிகளிடம் அனுமதிப்பதில்லை. இலைக்குத் தாவர நலச் சான்று கேட்கும்.

நம் வட்டாரத்து உணவுத் திருவிழாக்களில் ஷவர்மாவும் பிரியாணியும்தான் முன்வரிசையில் இருக்கின்றன. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதற்கு ஒரு சாக்ரா வைக்கலாம், ஆனால் பதநீர் இறங்குகிற பங்குனி, சித்திரையில், பனங்காட்டு ஓரத்தில் வைக்க வேண்டும். ஆட்கள் பார்க்கப் பார்க்கக் காய்ச்சி, கூப்பனிப் பதம் (கெட்டிப் பாகு) வந்ததும் சிரட்டையில் ஊற்றினால், சீனி கலந்திருக்கிறதா என்று எவரும் கேட்க வேண்டியதில்லை. பட்டியல் ஐந்து பண்டத்துக்கு மேல் வேண்டாம். பதநீர், நுங்கு, கருப்பட்டிக் காப்பி சரி. பனங்கிழங்கு தை மாதத்துக்கானது, சித்திரைப் பட்டியலில் அதைச் சேர்த்தால் ஜூலை ட்ரஃபிள் கதைதான். இன்னொன்று, மாலை விழா கூடாது. கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தாலும் வெயில் ஏற ஏறப் பதநீர் புளிக்கத் தொடங்கும். காலை 6 மணிக்குத் தொடங்கி 10 மணிக்குள் குடிக்கிறதையும் காய்ச்சுகிறதையும் முடித்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை