அரிசி வண்டியில் ஒரு மெக்கானிக்குக்கும் இடம் கொடுங்கள்

வெள்ள நிவாரணப் பணி செய்யும் தொண்டு நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்ததும், டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறக்கப்பட்டதும் உங்களுக்குத் தெரிந்ததே. அரிசியும் பாயும் போர்வையுமாக உடனே வந்து நின்றீர்கள். அந்த நன்றி எங்களுக்கு என்றும் உண்டு. அதற்கு அடுத்து எங்கள் தையல் மிஷின்களுக்கு நடந்ததைப் பற்றித்தான் இந்த மடல்.

வீட்டுத் திண்ணையில் தைத்துப் பிழைக்கும் பெண்களின் மிஷின்கள் சேற்றில் முழுகின. துருப் பிடித்துச் சுற்றாமல் நின்றவை பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போயின. சில மாதம் கழித்து, பேனர் கட்டி, பயிற்சி முடித்தவர்களுக்குப் புது மிஷின் கொடுத்தீர்கள். இரும்புக் கடைக்குப் போனவற்றில் பெரும்பாலானவை பிழைத்திருக்கும். முதல் வாரத்தில் யாராவது கை வைத்திருந்தால் போதும்.

மிஷினின் தலை, அதாவது பலகைமேல் இருக்கும் வார்ப்பிரும்பு உடல், தண்ணீரில் கிடந்ததால் மட்டும் சாகாது. வண்டல் உள்ளே காய்ந்து இறுகுவதும், ஓடுகிறதா என்று பார்க்க வீலைச் சுற்றுவதும்தான் அதைக் கொல்கின்றன. அடிநூலைப் பின்னும் ஷட்டில் ஓடும் தடத்தில் மணல் இருக்கும்போது சுற்றினால் கீறல் விழும். அப்புறம் எத்தனை எண்ணெய் விட்டாலும் தையல் விட்டுவிட்டுத்தான் விழும். எனவே சுற்றாமல், தலையைப் பலகையிலிருந்து கழற்றி, ஊசித் தகடு, பக்க மூடி, அடிநூல் சுருள் வைக்கும் பாபின் கேஸ், ஷட்டில் எல்லாவற்றையும் எடுத்து நல்ல தண்ணீரில் வண்டல் போகக் கழுவ வேண்டும். துடைத்து, மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டு, இறுகிய திருகுகளை ஓர் இரவு ஊற விட வேண்டும். மண்ணெண்ணெய் அழுக்கை எடுக்குமே தவிர, எண்ணெய் போல வழவழப்புத் தராது. அது உலர்ந்ததும் எல்லா எண்ணெய்த் துளையிலும் மிஷின் எண்ணெய் விட்டு, நூல் கோர்க்காமல் கழிவுத் துணியில் கறை படிவது நிற்கும்வரை ஓட்ட வேண்டும். மோட்டார் பொருத்தியது என்றால், காயில் கட்டும் கடையில் காட்டாமல் பிளக்கில் செருகவே கூடாது. நனைந்த தோல் பெல்ட் தளர்ந்து வழுக்கும், அதை மாற்றித்தான் ஆக வேண்டும். ஊறி உப்பிய பலகையும் அப்படியே.

இதற்கு வேண்டியது பெல்ட், பாபின் கேஸ், ஷட்டில், 14, 16 நம்பர் ஊசிகள், எண்ணெய், ஒரு கேன் மண்ணெண்ணெய், கைத்தொழில் தெரிந்த ஒரு மெக்கானிக். புது மிஷின் விலையோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை.

நாள்தான் இங்கே முக்கியம். டிசம்பர் முதல் வாரம் என்றால் கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் துணி வந்து குவிந்திருக்கும் நேரம். வருஷத்தில் கொஞ்சமாவது கையில் காசு மிஞ்சுவது அந்த ஆறு வாரத்தில்தான். வெள்ளம் மிஷினோடு, தைக்கக் கொடுத்திருந்த ஊரார் துணியையும் சேற்றில் ஊற வைத்தது. ஜாக்கெட் துணி நாசமானால் பதில் சொல்ல வேண்டியவள் தைப்பவள்தான். பதிலுக்குத் துணி வாங்கித் தரக் கடன், வாடிக்கையாளர் அடுத்த தெருவுக்குப் போய்விட்ட இழப்பு, ஓட்ட மிஷின் இல்லாத பொங்கல். இத்தனைக்கும் பிறகு வந்து சேரும் புது மிஷின் எதை மீட்டுத் தரும்? அரசு அறிவித்த நிவாரணத்தில் குடிசைக்கும் பயிருக்கும் மாட்டுக்கும் கோழிக்கும்கூடத் தொகை இருந்தது. தையல் மிஷின் அதில் இல்லை. நீங்களும் அதைப் பார்க்கவில்லை என்பதுதான் வருத்தம்.

உங்கள் பயிற்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். காலை பத்திலிருந்து மாலை வரை வகுப்பு என்றால் நடவுக் கூலியையும் நூறு நாள் வேலையையும் விட்டுவிட்டு எப்படி வருவது? ஜாக்கெட் வெட்டவும் ஹூக் வைக்கவும் சொல்லித் தருகிறீர்கள். பாபின் கேஸ் திருகைத் திருப்பி நூல் இறுக்கத்தைச் சரிசெய்யவோ, துணியை நகர்த்தும் பல்லுக்கடியில் சேரும் பஞ்சை எடுக்கவோ சொல்லித் தருவதில்லை. நூல் அறுந்தால் மிஷின் கெட்டுவிட்டது என்று மூடி வைக்கிறார்கள். ஒரே ஊரில் ஒரே சமயம் இருபது பேருக்கு மிஷின் கொடுத்தால் அந்த ஊரில் தைக்க அத்தனை ஜாக்கெட் எங்கிருந்து வரும்? பள்ளிச் சீருடை தைக்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் அவர்களைச் சேர்த்துவிடும் வேலையையாவது செய்யுங்கள். சான்றிதழோடு எல்லாம் முடிந்துவிடுகிறது.

கோபத்தில் வேறு பக்கம் போய்விட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: தண்ணீர் வடிந்த முதல் வாரத்திலேயே மெக்கானிக்கை அனுப்புங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் ஒவ்வொரு ஒன்றியத்திலும் யார் யார் மிஷின் பழுது பார்ப்பவர்கள் என்று பெயர் எழுதி வைத்து, அவர்களின் தினக்கூலியை நிவாரணக் கணக்கில் சேர்த்து, மேலே சொன்ன சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தென்பெண்ணைக் கரை ஊர்களின் தையல் தொழிலாளர்களும் மிஷின் பழுதுபார்ப்போரும்