'பி' பிரிவுப் பிள்ளைகள்

அன்புள்ள வசந்தி,

நீ பதில் போடமாட்டாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பழையபடிதான்.

விஷயத்துக்கு வருகிறேன். பிஎச்.டி. முடித்ததற்காகப் போன வாரம் கல்லூரியில் நம்ம மல்லிக்கும் செந்திலுக்கும் பாராட்டு விழா. வாசலில் ஃபிளெக்ஸ், ஆளுக்கொரு பொன்னாடை. முன்வரிசையில் மல்லியின் மாமியார். ஆமாம்டி, அதே மாமியார்தான்! "எங்க டாக்டரம்மா" என்று பக்கத்துச் சீட்டுக்காரரிடம் பெருமை வேறு. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். செந்தில் ஆங்கில நாவல்களில் வரும் வாத்தியார்களைப் பற்றி ஆய்வு செய்து முடித்திருக்கிறான். ஏற்புரை என்று மைக்கைப் பிடித்தவன் விடவே இல்லை.

ஆனால் அதற்கு முன்னால் நடந்த மல்லியின் வைவாவுக்கு, அதான் அந்த வாய்மொழித் தேர்வுக்கு, நீ வந்திருக்க வேண்டும். கல்வியியல் ஆய்வு என்றால் முன்தேர்வு, பின்தேர்வு, டி-டெஸ்ட் என்று எண்களை அடுக்கிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள் என்றுதான் நினைத்துப் போனேன். அவள் எடுத்துக்கொண்டது அரசுப் பள்ளி எட்டாம் வகுப்பில் இரண்டு பிரிவுகள். 'ஏ' பிரிவுக்குத் தினமும் ஓர் ஆங்கிலக் கதையைப் பாதி வாசித்துக்காட்டி, மீதியைப் பிள்ளைகளையே வாசிக்க வைத்தாள். 'பி' பிரிவுக்கு வழக்கமான பாடம், கேள்வி பதில் மனப்பாடம்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர், மஞ்சள் சீட்டு ஒட்டி வைத்திருந்த பக்கத்தைத் திறந்தார். "சரிம்மா, ஏ பிரிவு தேறிவிட்டது. பி பிரிவுப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்?"

"தரவு எடுத்து முடிந்ததும் அடுத்த பருவம் முழுக்க அவர்களுக்கும் அதே கதைகளை நடத்தினேன் சார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மனசு கேட்கவில்லை."

"இதை ஏன் ஆய்வேட்டில் எழுதவில்லை?"

"அத்தியாயம் நீளமாகிறது என்று கைடு சொன்னார் சார்."

கைடு தலையைக் குனிந்துகொண்டார். ஹாலே சிரித்தது. எனக்கு மட்டும் ஏனோ கண் கலங்கிவிட்டது.

செந்தில் கதை வேறு. டாக்டர் பட்டத்தோடு திங்கட்கிழமை அதே கௌரவ விரிவுரையாளர் வேலைக்குப் போனான். மாதம் 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு, அதான் யுஜிசி, 2019-லேயே சொல்லிவிட்டது. இவன் கைக்கு வருவது அதில் பாதி. பொன்னாடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எரிச்சலாக வருகிறது.

அப்புறம், உன் விஷயம். "ரெண்டாவது பிறந்த பிறகு எங்கே முடிக்கிறது" என்று புலம்பினாயே, விதியைப் படித்துப் பார்த்தாயா? நீ பிஎச்.டி.க்குப் பதிந்தது 2023-இல். யுஜிசியின் 2022 விதிமுறைப்படி முடிக்க 6 வருடம் இருக்கிறது. மறுபதிவு செய்தால் இன்னும் 2, பெண்களுக்கு அதற்கு மேலும் 2. மகப்பேறு விடுப்பு 240 நாள் வரை தனி. ஆய்விதழில் கட்டுரை வந்தே தீர வேண்டும் என்பதையும் யுஜிசி எடுத்துவிட்டது. உன் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா என்று மட்டும் விசாரி. நாள் இருக்கிறதடி, உனக்கு உட்கார மனசில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் அத்தியாயத்தை அரைகுறையாகவாவது அனுப்பு. செந்தில் பார்த்துத் தருகிறேன் என்கிறான். வரிக்கு வரி சிவப்பு மையில் "யார் சொன்னது?" என்று எழுதுவான், பொறுத்துக்கொள். சின்னவனைச் சனிக்கிழமைகளில் இங்கே கொண்டுவந்து விடு. அம்மாவுக்கும் பொழுது போகும்.

அன்புடன்,
கலா