மகனை எந்தப் பக்கம் அனுப்புவது: பழைய கூட்டாளிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. மகன் நம் தொழிலுக்கே வருகிறேன் என்று நிற்பதை எழுதியிருந்தாய். பாதி சந்தோஷம், பாதி பயம் என்று வரிக்கு வரி தெரிந்தது. முதலில் என் சேதி: இந்த வருடத்தோடு வேலையை விடுகிறேன். ஆலோசகராக இருக்கச் சொல்கிறார்கள், இன்னும் பிடிகொடுக்கவில்லை. முழங்கால் இரண்டும் படி ஏறும்போது முனகுகின்றன. காதும் கொஞ்சம் மந்தம். காதடைப்பான் என்று ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில் கிரைண்டர் பக்கத்தில் நின்றவர்கள் நாம், வேறென்ன எதிர்பார்ப்பது? மற்றபடி நலம்.

உன் கேள்விக்கு வருகிறேன். பையனை உன்னோடு பிளம்பிங்கிலேயே வைத்துக்கொள்வதா, என்னைப் போல ஆலைப் பக்கம் பைப் ஃபிட்டிங்குக்கு அனுப்புவதா? முதலில் உன்னிடமே இருக்கட்டும். அதிலும் குடிநீர் லைனில் விடாதே, கழிவுநீர் லைனில் போடு.

சொல்கிறேன் கேள். அழுத்தம் உள்ள லைன் எத்தனையோ அரைகுறை வேலையைப் பொறுத்துக்கொள்ளும். கொஞ்சம் கோணலாகப் போனாலும் தண்ணீர் போய்ச் சேர்ந்துவிடும். கழிவுநீரைப் பின்னாலிருந்து தள்ள எதுவும் இல்லை, சரிவு மட்டும்தான். சிறிய குழாய்க்கு மீட்டருக்கு 20 மி.மீ. என்றால் 10 மீட்டர் ஓட்டத்துக்கு 200 மி.மீ. இறங்கியாக வேண்டும். அந்த 200 மி.மீ. தளத்துக்கு அடியில் இருக்கிறதா, நடுவில் பீம் குறுக்கிடுகிறதா என்று முதல் குழாயை வெட்டுவதற்கு முன்பே பார்க்கிற பழக்கம் இருக்கிறதே, அது கழிவுநீர் லைனில்தான் வரும். ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பது எல்லாருக்கும் வரும். முடிவிலிருந்து தொடக்கத்துக்கு யோசிப்பது வராது. பின்னால் நூற்றுக்கணக்கான ஸ்பூல், அதாவது முன்கூட்டியே வெட்டிச் சேர்த்த குழாய்த் துண்டுகள், உள்ள வேலையில் எனக்குக் கைகொடுத்தது இந்த யோசனைதான்.

அப்புறம் டிராப். சிங்க்குக்கு அடியில், வளைவில் தேங்கி நிற்கிற சுமார் 50 மி.மீ. தண்ணீர்தான் சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. 1775-ல் அலெக்சாண்டர் கம்மிங் எஸ் வளைவுக்குக் காப்புரிமை வாங்கினார். இத்தனை காலத்தில் குழாய் ஈயத்திலிருந்து இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் மாறிவிட்டது, தண்ணீரால் அடைக்கும் அந்த யோசனை மாறவில்லை. ஆனால் வென்ட், அதாவது லைனுக்குள் காற்று வர விடும் குழாய், சரியில்லை என்றால் மேல்மாடியில் ஒருவர் ஃபிளஷ் செய்யும்போது கீழ்மாடி டிராப்பில் உள்ள நீர் உறிஞ்சப்பட்டுப் போகும், நாற்றம் வரும். வீட்டுக்காரர் டிராப்பைக் குறை சொல்வார். பையன் காற்றைத் தேடக் கற்றுக்கொள்ளட்டும். குழாய்க்குள் தண்ணீர் என்ன செய்கிறது என்று எல்லாரும் யோசிப்பார்கள், காற்று என்ன செய்கிறது என்று யோசிப்பவர் குறைவு.

இதெல்லாம் படிந்த பிறகு, ஆசையிருந்தால் என் பக்கம் வரட்டும். ஹெல்பராகத்தான் தொடங்க வேண்டும். அதில் அவனுக்கு ரோஷம் வரும், நீ கண்டுகொள்ளாதே. கணக்கு மட்டும் கைவசம் இருக்கட்டும். ஐசோமெட்ரிக் வரைபடத்தில் ஒரு லைன் பக்கவாட்டில் 300, மேலே 400 தள்ள வேண்டும் என்று வந்தால் உண்மையான தள்ளல் 500. எல்போ, அதாவது வளைவு இணைப்பு, 45 டிகிரி என்றால் அதை 1.414 ஆல் பெருக்கு, 707 மி.மீ. அது மையத்திலிருந்து மையம் வரை. அதில் இரண்டு எல்போவுக்கான அளவையும் வெல்டிங் இடைவெளியையும் கழித்த பிறகுதான் வெட்டு. இதைத் தாளில் போடத் தெரிந்தவனும் உண்டு, குழாயில் போடத் தெரிந்தவனும் உண்டு, இரண்டும் தெரிந்தவன்தான் ஃபிட்டர். குழாய் முனையில் போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தட்டான ஃபிளாஞ்சை வைக்கும்போது போல்ட் துளை நடுக்கோட்டின் மேல் உட்காராமல் கோட்டுக்கு இரண்டு பக்கமும் சமமாக நிற்க வேண்டும் என்பதை யாரும் அவனுக்கு இரண்டாம் தடவை சொல்ல மாட்டார்கள். கொஞ்சம் திரும்பியிருந்தால்கூட அடுத்த ஸ்பூல் வந்து சேரும்போது போல்ட் நுழையாது. அப்போது செயினைப் போட்டு இழுத்துச் சேர்க்கப் பார்ப்பார்கள். அதைச் செய்யாதே என்று மட்டும் சொல்லி அனுப்பு. இழுத்துச் சேர்த்த லைன் அந்த இழுப்பைப் பம்பின் முனையில் கொண்டுபோய் வைக்கும்.

வெல்டிங் அவன் இஷ்டம். ஃபிட்டர் வெல்டராகத்தான் ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் பிடித்துவைத்துச் சுற்றிவர வெல்ட் செய்யச் சொல்லும் 6ஜி தேர்வில் தேறிவிட்டால் வேலை தேடி அலைய வேண்டியதில்லை. இப்போது பெரும்பாலான ஸ்பூல்களை பட்டறையிலேயே குழாயை உருட்டி உருட்டி வெல்ட் செய்து அனுப்பிவிடுகிறார்கள். மிச்சமாவது கை நுழையாத மூலையில் உள்ள ஜாயிண்ட்தான், அதற்கு அந்த ஆள் வேண்டும். ஸ்டெயின்லெஸ் என்றால் குழாய்க்கு உள்பக்கம் ஆர்கான் நிரப்பாமல் ரூட், அதாவது முதல் அடுக்கு வெல்ட், போடக்கூடாது. வெளியே பார்க்க அழகாக இருக்கும், உள்ளே கருகிப் பொரிந்து கிடக்கும்.

மேலே ஏறுவது பற்றி நீ கேட்டதற்கு ஒரே பதிலாகச் சொல்ல முடியவில்லை. ஹெல்பரிலிருந்து ஃபிட்டர் வரைக்கும் உன் கை வேலையால் உயர்கிறாய். ஃபோர்மேன் ஆனதும் அது நின்றுவிடும். நான் பார்த்த மோசமான ஃபோர்மேன்களில் பாதிப்பேர் மிக நல்ல ஃபிட்டர்கள். கீழே ஒருவன் மெதுவாகச் செய்வதைப் பார்க்கப் பொறுக்காமல் ரிஞ்சைப் பிடுங்கித் தானே செய்வார்கள். அந்த ஜாயிண்ட் பிரமாதமாக அமையும். அதற்குள் மற்ற எட்டுப் பேர் காஸ்கெட் வரவில்லை, சாரம் கட்டவில்லை, பெர்மிட் வாங்கவில்லை என்று உட்கார்ந்திருப்பார்கள். நாளைக் காலை வேலைக்கு என்னென்ன வேண்டும் என்று இன்று மாலை யோசிப்பவன்தான் ஃபோர்மேன். நம்மை வேலை பழக்கிய மேஸ்திரி ஏன் சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் குழாய் அடுக்கைச் சுற்றிச்சுற்றி வந்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அதற்கு மேலே சூப்பர்வைசர். அங்கே போட வேண்டியது கையெழுத்து. என்னைக் கேட்டால் இந்தத் தொழிலின் கனம் மொத்தமும் பிரஷர் டெஸ்ட் தாளில்தான் இருக்கிறது. லைனில் தண்ணீர் நிரப்பி, உயரமான இடங்களில் வென்ட்டைத் திறந்து காற்றை வெளியேற்றி, வடிவமைப்பு அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு ஏற்றி, ஜாயிண்ட் ஜாயிண்டாக நடந்து பார்த்து, பிறகு கையெழுத்து. ஸ்டெயின்லெஸ் என்றால் நிரப்புகிற தண்ணீரில் குளோரைடு எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். நான் கையால் தொடாத ஆயிரம் ஜாயிண்டுக்கு நான் ஜவாப்தாரி. வேலையே தெரியாதவன் அந்தத் தாளில் பயமில்லாமல் கையெழுத்துப் போடுவான், அதுதான் ஆபத்து.

ஒரு வேலையில் தண்ணீர் நிரப்பி வடிக்க நாளாகும், காற்றாலேயே டெஸ்ட் செய்துவிடு என்று மேலிடத்திலிருந்து நெருக்கினார்கள். மாட்டேன் என்றேன். தண்ணீரை அழுத்தினால் அது சுருங்குவது மிகக் குறைவு, எங்காவது விட்டால் பீய்ச்சிவிட்டு அழுத்தம் இறங்கிவிடும். காற்று அப்படியில்லை. அழுத்த அழுத்தச் சுருங்கி அத்தனை சக்தியையும் உள்ளே சேர்த்துவைத்திருக்கும், விட்டால் இரும்பையும் சேர்த்து எறியும். அதனால்தான் காற்று டெஸ்டை வேறு வழியில்லாத இடத்தில் மட்டும், குறைந்த அழுத்தத்தில், ஆட்களை விலக்கிவைத்துச் செய்கிறார்கள். அன்றைக்குச் சத்தம் போட்டார்கள், சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தண்ணீர் டெஸ்டில் இரண்டு ஃபிளாஞ்ச் கசிந்தது. போல்ட்டைக் குறுக்குவாட்டில் மாற்றி மாற்றி இறுக்காமல் வரிசையாக இறுக்கியிருந்தார்கள்.

சூப்பரிண்டெண்டெண்ட் பதவியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அட்டவணை, கூட்டம், பண விவகாரம். சம்பளம் நன்றாக இருந்தது.

நீ உன் கடிதத்தில் "நான் அப்படியே இருந்துவிட்டேன்" என்று எழுதியிருந்ததை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 90 மீட்டர் உயரக் கட்டடத்தில் மேல் தொட்டியிலிருந்து நேராக ஒரே லைனை இறக்கினால் கீழ்த்தளக் குழாயில் ஏறக்குறைய 9 பார் நிற்கும் என்று கணக்குப் போட்டு, அதை மண்டலமாகப் பிரித்து, எங்கெங்கே அழுத்தம் குறைக்கும் வால்வு வரவேண்டும் என்று இன்ஜினியரோடு வாதாடி ஜெயித்தவன் நீ. அது அப்படியே இருந்துவிட்டவன் செய்கிற காரியமா? எனக்கு விசிட்டிங் கார்டில் பதவி மாறிக்கொண்டே வந்தது, உனக்கு மாறவில்லை, அவ்வளவுதான். பையனுக்கு இதையும் சொல். முப்பது வயதுக்குள் ஃபோர்மேன் ஆகிவிட வேண்டும் என்று இப்போது வருகிற பிள்ளைகள் துடிக்கிறார்கள். மூடிய சுவருக்குள், மண்ணுக்குள் போய் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் ஜாயிண்டுகளைப் போதுமான அளவு போட்டவனை ஃபோர்மேனாக்கினால் எனக்குச் சம்மதம். வயது எத்தனையானாலும் சரி.

கருவிகள் மாறிவிட்டதே, நம் அனுபவம் அவனுக்கு உதவுமா என்று கேட்டிருந்தாய். டை செட்டைச் சுற்றி, சணல் வைத்து, யூனியன் இறுக்கிய காலம் போய்விட்டது, உண்மை. சால்வென்ட் சிமெண்டை இன்னும் பலபேர் பசை என்று நினைத்துப் பூசுகிறார்கள். அது பிளாஸ்டிக்கை இளக்கி ஒன்றாக்குகிற சரக்கு, காயவிடும் நேரத்தைக் குறைத்தால் பின்னால் பழிவாங்கும். கருவியால் அழுத்திச் சேர்க்கும் பிரஸ் ஃபிட்டிங் எனக்குப் பிடித்திருக்கிறது, நெருப்பில்லாத வேலை. ஆனால் அழுத்த மறந்த ஜாயிண்டும் அழுத்திய ஜாயிண்டும் தூரத்திலிருந்து ஒன்றுபோலவே தெரியும். ஆகவே டெஸ்ட் போகாது, டெஸ்டைப் பொறுமையாகச் செய்கிறவனுக்கு வேலையும் போகாது.

நீ கடைசியில் கேட்ட அந்தச் சத்தம் போடும் வெந்நீர் லைன் விஷயம். குழாயை மூடிய அதே நொடியில் ஒரே ஒரு "டொம்" என்றால் அது நீரடி, ஓடிவந்த தண்ணீர் சட்டென்று நின்று குழாயை அடிப்பது. முதலில் கேஜ் போட்டு அழுத்தம் பார், 5.5 பாருக்கு மேல் இருந்தால் குறை. அதற்குப் பிறகும் நிற்கவில்லை என்றால் சட்டென்று மூடும் வால்வுக்குப் பக்கத்தில் அந்த அடியை வாங்கிக்கொள்ளும் அரெஸ்டர் போடு. மூடி ஐந்து பத்து நிமிஷம் கழித்தும் "டிக், டிக்" என்று வந்துகொண்டிருந்தால் சூட்டு நீட்சி. 10 மீட்டர் செம்புக் குழாய் 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 மி.மீ. நீளும், ஆறும்போது திரும்பச் சுருங்கும், அப்போது அது கிளாம்பில் உரசிக்கொண்டு நகர்கிறது. கிளாம்பைத் தளர்த்தி ரப்பர் வை, சுவரைக் கடக்கும் இடத்தில் ஸ்லீவ், அதாவது உறைக் குழாய், இருக்கிறதா பார். எனக்கென்னவோ இரண்டாவதுதான் என்று படுகிறது. பையனையும் கூட்டிக்கொண்டு போ, எது என்று அவனையே காது கொடுத்துக் கேட்டுச் சொல்லச் சொல். அவன் என்ன சொன்னான் என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி