வெப்பக் கட்டுப்பாடு பாதுகாப்பு ஆகாது

ஆசிரியருக்கு,

‘வெப்பக் கட்டுப்பாடு உள்ள மின்சிகரெட்டால் ஆபத்தில்லை’ என்ற பேச்சை இளையர்கள் நம்ப வேண்டாம். இவ்வகைக் கருவிகள் வெப்பத்தை நேரடியாக அளப்பதில்லை. திரவத்தை ஆவியாக்கும் சுருள் கம்பி சூடாகும்போது மின்தடை எவ்வளவு கூடுகிறது என்பதை வைத்துக் கணக்கிடுகின்றன. நிக்கலில் டிகிரிக்கு ஏறத்தாழ 0.6 விழுக்காடு கூடும்; 316 ரக எஃகில் 0.1 விழுக்காடுகூட இல்லை.

அதனால் 0.5 ஓம் எஃகுச் சுருளில் கம்பியைப் பிடிக்கும் திருகு தளர்ந்து, சூடாகுமுன் அளக்கும் தொடக்க மின்தடை 0.01 ஓம் கூடுதலாகப் பதிவானாலே போதும். திருகு இறுகியதும் உண்மை வெப்பம் திரையில் தெரிவதைவிட 20 டிகிரிக்குமேல் எகிறிவிடும். சுருள் ஆறுமுன் அளந்தாலும் இதே கோளாறுதான். நிக்கல்-குரோமியக் கலவையான நிக்ரோமிலோ மின்தடை மிகக் குறைவாகவே மாறுவதால் கட்டுப்பாடு சரிவர வேலை செய்யாது. திரவத்தை உறிஞ்சித் தரும் பஞ்சு உலர்ந்து சூடு மிஞ்சினால், திரவத்தில் உள்ள கிளிசரின் சிதைந்து அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு ஆகிய நச்சுப்பொருள்கள் உண்டாகும்.

சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி 1 முதல் மின்சிகரெட்டை வைத்திருப்பதே குற்றம். சுருள் கம்பியில் உண்மையான ஆர்வமுள்ள மாணவர்களுக்கு, நுரைப்பலகை வெட்டும் சூட்டுக்கம்பிக் கருவியைப் பள்ளிகள் செயல்திட்டமாகத் தரலாம்.

வாசகர், ஈசூன்